பட்டியலில் முதல் பெயர்

கியூபெக் நகரம்
4 அக்டோபர் 2009, ஞாயிறு

அன்புள்ள வசந்தினி அக்காவுக்கு,

போனில் பேசலாம் என்று மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் பத்திநாதர் அண்ணன்தான் எடுத்தார். மூன்று தடவையும் "அவ குளிக்கிறா" என்றார். ஒரு மனுஷி ஒரே நாளில் அத்தனை முறை குளிக்க மாட்டாள் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். நம்ம மனு வியாழக்கிழமை சட்டசபையின் இணையதளத்தில் ஏறிவிட்டது. இந்த வருஷம்தான் இணையத்தில் மனு வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள். இதுவரை யாராவது ஒரு உறுப்பினரைப் பிடித்து, காகிதத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். இப்போதும் ஒரு உறுப்பினர் வேண்டும்தான், ஆனால் கையெழுத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே போடலாம். உறுப்பினர் அம்மா ஒத்துக்கொண்டுவிட்டார். அவருடைய மொன்றியல் அலுவலகத்தில் பற்றிக் என்று ஒருவர் இருக்கிறார், ஐம்பது வயசு இருக்கும், எல்லாம் அவர் கையில்தான்.

மனுவில் சுற்றி வளைத்து ஒன்றும் எழுதவில்லை. வேலையில் அடிபட்டவர்களுக்கு ஈடு கொடுக்கிற சட்டத்தில், வீட்டு வேலை செய்கிறவர்களையும் தொழிலாளி என்று சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். தை மாதம் நீங்கள் வேலை செய்த அந்த மதாம் வீட்டுப் பின்படியில் ஐஸில் வழுக்கி உங்கள் மணிக்கட்டு உடைந்ததும், உங்கள் வீட்டு மாடியில் நான் வாடகைக்கு இருந்த அறையில் நாம் உட்கார்ந்து பிரெஞ்சில் பாரம் நிரப்பியதும், ஏப்ரலில் 'தாங்கள் சட்டப்படி தொழிலாளி அல்ல' என்று பதில் வந்ததும் நினைவிருக்கிறதா? வேண்டுமென்றால் உங்கள் சொந்தக் காசில் நீங்களே பதிந்திருக்கலாம் என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தீர்கள். எனக்குத்தான் அழுகை வந்தது.

இப்போதைக்கு அறுபத்தொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எல்லாரும் என்னோடு படித்தவர்கள், வேலை பார்க்கிறவர்கள். ஒருத்தர்கூட அடுத்தவர் வீட்டுத் தரையைக் கூட்டியதில்லை. எனக்கே பார்க்க வெட்கமாக இருக்கிறது. கோயிலில் உங்களுக்குத் தெரிந்த பெண்கள் எத்தனை பேர் அந்த வேலை செய்கிறார்கள்? அவர்கள் பெயரும் போன் நம்பரும், மெயில் இருந்தால் அதுவும், ஒரு நோட்டில் எழுதி வாங்கி அனுப்புங்கள். ஒவ்வொருவர் மெயிலுக்கும் ஒரு லிங்க் வரும். அதை அழுத்தினால்தான் கையெழுத்துக் கணக்கில் சேரும். டிசம்பர் நாலாம் தேதி வரை நேரம் இருக்கிறது.

இங்கே இன்சூரன்ஸ் கம்பெனியில் நாள் முழுக்க அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கிறேன். மொழி பாதிதான் புரிகிற ஊரில் அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். கை எப்படி இருக்கிறது?

அன்புடன்,
தேவிகா


மொன்றியல், கார்ட்டியர்வில்
20 ஒக்டோபர் 2009

அன்பின் தேவிகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். பத்து வரிக்கு மேல் பேனை பிடித்தால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் இழுக்கிறது. டொக்டர் எலும்பு பொருந்திவிட்டது என்கிறான். எலும்புக்கு அது தெரியவில்லை போல.

இவருக்கு இந்த மனுக் கதை கண்ணில் காட்டக் கூடாது. துறைமுகத்துக் களஞ்சியத்தில் பத்து மணித்தியாலம் பெட்டி இறக்கிவிட்டு வந்து, சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டு எனக்குப் பிரசங்கம். "அரசாங்கத்தோட நமக்கென்ன கொழுவல்? இருக்க இடம் தந்தவன். கை முறிஞ்சது முறிஞ்சதுதான்." அவருக்குச் சொல்ல லேசு. அவருக்குக் கால் முறிந்தால் சட்டம் இருக்கிறது.

நீ கேட்டபடி இரண்டு ஞாயிறு பூசை முடிய மண்டபத்தில் தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில் கொப்பியோடு நின்றேன். தேவிகா, நான் மட்டுமென்று நினைத்திருந்தேன். ஒருத்திக்கு அயன் பெட்டி சுட்ட கை. ஒருத்திக்குக் கிழவரைத் தூக்கித் தூக்கி நடு முதுகு போய்விட்டது. உனக்கு மீனாம்பிகையைத் தெரியும், திருகோணமலை, சைவக்காரி, ஆனால் ஞாயிறு தவறாமல் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்த வருவா. அவவுக்குக் குளியலறை கழுவுகிற அமிலம் கண்ணில் தெறித்து ஒரு மாதம் பார்வை மங்கலாய் இருந்ததாம். ஒரு குஞ்சுக்கும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரிட்டச் சொல்ல?" என்றா.

பேர் எழுதுவது லேசாய் இருக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே கேள்விதான்.

"இதில பேர் போட்டா எங்க போகும்?"

"சட்டசபைக்கு."

"மறுகா வீட்ட வருவாங்களா?"

"வரமாட்டாங்க. அது கம்பியூட்டருக்குள்ளயே இரிக்கும்."

"அப்ப சரி கா, எழுது."

நான் எழுதவில்லை. அவர்களையே எழுத வைத்தேன், கையொப்பமும் வைக்கச் சொன்னேன். மூன்று தாள் அனுப்புகிறேன், எண்பத்தேழு பேர். முதலாவது பேர் என்னுடையது. முழுப்பேர், வசந்தினி பத்திநாதர். நான் முதல் போட்டால்தானே மற்றவர்கள் போடுவார்கள்.

மெயில் என்றால் இவர்களில் ஆறு பேருக்குக்கூட இல்லை. பிள்ளைகளிடம் இருக்கும், பிள்ளைகளைக் கேட்டால் பிரெஞ்சில் முறைக்கும். நீயே உன் கையால் ஏதாவது செய்துவிடு. இங்கே ஹெல்த் கார்ட்டிலிருந்து பாஸ்போர்ட் வரைக்கும் எல்லாப் பாரமும் யாரோ ஒராள் கையால்தானே போகிறது.

கை வலிக்கிறது, நிப்பாட்டுகிறேன்.

இப்படிக்கு,
வசந்தினி அக்கா


கியூபெக் நகரம்
2 நவம்பர் 2009

அன்புள்ள அக்கா,

தாள்கள் வந்தன. எண்பத்தேழு பேரையும் ஒரு தடவை சத்தமாக வாசித்துப் பார்த்தேன். பக்கத்து மேசையில் இருந்தவர், நான் ஜெபம் செய்கிறேன் என்று நினைத்து எழுந்து போய்விட்டார்.

நீங்கள் சொன்னபடியே என் கையால் செய்துவிட்டேன். இரண்டு சனிக்கிழமை, இங்குள்ள நூலகத்துக் கம்ப்யூட்டரில். ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு புது மெயில் முகவரி, பேரோடு ஒரு எண் சேர்த்து. அப்புறம் மனுவில் அவர்கள் பேர், தபால் எண். அப்புறம் அந்த மெயிலைத் திறந்து லிங்க்கை அழுத்துவது. எண்பத்தேழு தடவை. நாற்பதுக்கு மேல் போனபோது இது சரிதானா என்று ஒரு நிமிஷம் கையை எடுத்தேன். ஆனால் பேர் அவர்களுடையது, சம்மதம் அவர்களுடையது, கையெழுத்துப் போட்ட தாள் என் பையில் இருக்கிறது. நான் அழுத்திய விரல் மட்டும்தானே. அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

கணக்கு இப்போது ஆயிரத்து நூற்று நாற்பது. வேறு ஊர்களில் பிலிப்பைன்ஸ் பெண்கள் தங்களுக்குள் லிங்க்கை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். யாரென்றே தெரியாதவர்கள். இப்படி ஒரு வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

பற்றிக்குக்கு ரொம்ப சந்தோஷம். நம்ம ஊர்ப் பேர்களை வாசிக்கும்போது போனில் சோற்றில் கல் கடித்த மாதிரி தடுக்கித் தடுக்கி நிற்கிறார், ஆனால் விடாமல் வாசிக்கிறார். மனுவை விசாரிக்கிற சபைக் கமிஷன் முன்னால் இரண்டு மூன்று பெண்கள் தங்கள் வாயாலேயே நடந்ததைச் சொன்னால் சட்டம் திருத்துகிறவர்களுக்கு உறைக்கும் என்கிறார். யார் பேசுவார்கள் என்று கேட்க, சில பேருக்கு அவரே போன் பண்ணுவாராம். நம்பர் கேட்டார், கொடுத்தேன். பிரெஞ்சில் ஒரு ஆண் குரல் வந்தால் பயப்பட வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். நல்ல மனுஷன்.

நீங்கள் பேசுவீர்கள்தானே அக்கா? உங்களை மனதில் வைத்துத்தான் இந்த மனுவையே எழுதினேன்.

தேவிகா


மொன்றியல்
8 நவம்பர் 2009

தேவிகாவுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. போன் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது.

நீங்கள் யாரைக் கேட்டு நம்பர் கொடுத்தீர்கள்? கொப்பியில் நம்பர் எழுதச் சொன்னது உங்களுக்குத் தேவைப்படும் என்றுதான். அரசாங்கத்து ஆளுக்கு எடுத்துக் கொடுக்க இல்லை. கம்பியூட்டருக்குள்ளேயே இருக்கும் என்று நான் அந்தச் சனங்களுக்கு வாக்குக் கொடுத்தேன். இப்போது என் வாக்கு எங்கே?

மீனாம்பிகையின் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. அவவின் வீட்டுக்குப் போன் வந்து, பிரெஞ்சில் அவவின் முழுப்பேரையும் வாசித்து, நீங்கள் கையொப்பம் வைத்தீர்களா என்று கேட்டால் அந்த மனுசி என்ன நினைக்கும்? "எனக்கொண்டும் தெரியாது, நான் ஒண்டிலயும் கையொப்பம் வைக்கேல்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அன்றைக்கு முழுக்கத் தண்ணிகூடக் குடிக்கவில்லையாம். அவ மட்டுமில்லை. ஒருத்திக்கு வந்ததும் அவ மற்றவைக்கு எடுத்துச் சொல்ல, போன் வந்த ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

நீங்கள் இந்தியாவிலிருந்து விமானத்தில் படிக்க வந்தவர். போனில் ஒராள் பேர் கேட்டால் உங்களுக்கு அது பேர் கேட்கிறது மட்டும்தான்.

இன்றைக்குப் பூசைக்குப் போனேன். நான் இருந்த வாங்குப் பலகையில் ஒருத்தரும் வந்து இருக்கவில்லை. தேத்தண்ணி மேசையிலும் ஒரு சொல் இல்லை. பதினெட்டு வருசமாய் எனக்கு இந்த ஊரில் சொந்தம் என்று இருந்தது அந்த மண்டபம் ஒன்றுதான். இவர் ஒன்றும் கேட்கவில்லை. 'சொன்னேன்தானே' என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது சண்டை பிடித்திருப்பேன்.

இனிமேல் எனக்கு எழுத வேண்டாம். கையும் ஏலாது, மனமும் ஏலாது.

வசந்தினி


கியூபெக் நகரம்
19 நவம்பர் 2009

அக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதை மட்டும் படித்துவிடுங்கள்.

நம்பர் கொடுத்தது என் தப்பு. கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் செய்தேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் எனக்குக் கண் மண் தெரியவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்தபோது அடித்த மாதிரி இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். பற்றிக் பதினான்கு பேருக்குப் போன் பண்ணியிருக்கிறார். பதினொரு பேர் கையெழுத்தே போடவில்லை என்றார்களாம். மூன்று பேர் எடுக்கவில்லை. யார் யார் என்று அவர் எனக்குச் சொல்லவில்லை, சொல்லக் கூடாதாம். அப்புறம் பட்டியலைப் பார்த்திருக்கிறார்கள். எண்பத்தேழு மெயில் முகவரிகளும் இரண்டே நாளில், ஒரே மாதிரி, ஒரே இடத்திலிருந்து. யார் பார்த்தாலும் என்ன நினைப்பார்கள்? நானே இப்படிப்பட்டதைக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

உறுப்பினர் அம்மா மனுவைச் சபையில் வைக்கப் போவதில்லை. போலிக் கையெழுத்து இருக்கிற மனுவைத் தூக்கிக்கொண்டு எப்படி நிற்பார்? மீதி ஆயிரம் பேரும் நம்மோடு சேர்ந்து போனார்கள். மனுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு இணையப் பக்கத்தில் இப்போது என் பேரைப் போட்டு எழுதுகிறார்கள். வந்தேறிகள் வந்த இடத்தில் சட்டத்தையும் திருட்டுத்தனமாக எழுதப் பார்க்கிறார்கள் என்று ஒருவர். அதற்குக் கீழே நாற்பது பேர். நான் எல்லாவற்றையும் படித்தேன். படிக்காமல் இருக்க முடியவில்லை.

பற்றிக் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார், டிசம்பர் நாலாம் தேதிக்குள். என்னுடைய நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பம் உள்ளே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். போலிக் கையெழுத்துப் போட்டவள் என்று ஒரு காகிதம் எங்காவது ஏறிவிட்டால் அதோடு முடிந்தது. அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்றுகூடத் தெரியவில்லை.

உங்கள் மூன்று தாளும் என்னிடம் இருக்கின்றன. அவரவர் கையெழுத்தில், அவரவர் கையொப்பத்தோடு. அதைக் காட்டினால் நான் தப்பித்துவிடுவேன். ஆனால் அவர்கள் எல்லாரும் பொய் சொன்னார்கள் என்று ஆகிவிடும். மீனாம்பிகை அக்காவுடைய வழக்கை நினைத்தால் கை வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள், காட்டவா?

தாள் வேண்டாம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. ஒரே ஒருத்தர், ஒரே ஒருத்தர் போதும், பற்றிக்கிடம் 'ஆமாம், நான் சம்மதித்துத்தான் பேர் கொடுத்தேன்' என்று சொன்னால். பட்டியலில் முதல் பெயர் உங்களுடையது. உங்களுக்கு அவர் போன் பண்ணினாரா? பண்ணாவிட்டால் நீங்கள் பண்ணுங்கள். நம்பர் கீழே எழுதியிருக்கிறேன்.

வேறு யாரைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை அக்கா.

தேவிகா


கியூபெக் நகரம்
6 டிசம்பர் 2009

அக்காவுக்கு,

உங்களிடமிருந்து பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி வரை பார்த்தேன். அப்புறம் விளக்கத்தை அனுப்பிவிட்டேன். மெயில் முகவரிகளை நானாகவே உண்டாக்கினேன், அது தவறு என்று எழுதினேன். தாள்களைப் பற்றி எழுதவில்லை.

அவற்றை இத்தோடு திருப்பி அனுப்புகிறேன். என்னிடம் இருந்தால் என்றைக்காவது பயத்தில் யாரிடமாவது காட்டிவிடுவேன். என்னை நான் அவ்வளவு நம்பவில்லை. கிழிப்பதோ வைத்திருப்பதோ உங்கள் இஷ்டம்.

கோபமாக இருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். கோபப்படக்கூடத் தெம்பில்லை. களைப்பாக இருக்கிறது. இங்கே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. படியில் பார்த்து நடங்கள்.

தேவிகா


மொன்றியல், கார்ட்டியர்வில்
14 டிசம்பர் 2009, திங்கள்

அன்பின் தேவிகா,

உனக்கு எழுதாமல் இருந்தது கை வலியால் இல்லை. அந்தப் பொய்யை முதலில் தள்ளி வைக்கிறேன்.

நீ கேட்டாய், உங்களுக்கு அவர் போன் பண்ணினாரா என்று. பண்ணினான். முதலாவது போன் எனக்குத்தான் வந்தது. பட்டியலில் முதல் பெயர் என்னுடையதுதானே. செவ்வாய்க்கிழமை காலை, நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு நின்றேன். 'மதாம் வசந்தினி பத்திநாதர்?' என்றான். அவ இங்க இல்ல, வெளியூர் போயிட்டா என்றேன். அவ மனுவில் கையொப்பம் வைத்தது உங்களுக்குத் தெரியுமா என்றான். அவ அப்படி ஒண்டிலயும் வைக்கமாட்டா என்றேன். அந்தப் பதினொரு பேரில் முதலாவது ஆள் நான். மீனாம்பிகைக்கு எடுத்து, போன் வரும், தெரியாது என்று சொல்லு என்று சொன்னதும் நான்தான். அவ மற்றவைக்குச் சொன்னா. பிறகு உனக்கு அப்படி ஒரு கடிதம் எழுதினேன், எல்லாம் உன் பிழை என்று. கோயிலில் ஒருத்தரும் என்னோடு இருக்கவில்லை என்று எழுதினேனே, அது மெய். ஆனால் நானும் அவர்களோடு போய் இருக்கவில்லை. முகம் கொடுக்க ஏலாமல் இருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். இதை நான் இவருக்குக்கூட முழுக்கச் சொன்னதில்லை. தொண்ணூறாம் ஆண்டு மட்டக்களப்பில் ஆமிக்காரரின் ஒரு சுற்றிவளைப்பு. எங்கள் பகுதி ஆண்கள் எல்லாரையும் மைதானத்தில் இருத்தினார்கள். பெண்கள் நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம். ஒருத்தன் கையில் காகிதம் வைத்துப் பேர் வாசித்தான். பேருக்குரியவர்கள் எழும்பி நிற்க வேண்டும். ஆருடைய முகத்தையும் அவனுக்குத் தெரியாது, தெரிந்தது பேர் மட்டும். என் தம்பி ஜெறோமின் பேரை வாசித்தான். இவன் எழும்பினான். படித்த பிள்ளை, பள்ளிக்கூடத்தில் டாப்பில் பேர் கூப்பிட்டால் எழும்புவானே, அப்படி எழும்பினான். பக்கத்தில் இருந்த பெடியனின் பேரையும் வாசித்தார்கள், அவன் எழும்பவில்லை. அவன் இன்றைக்கு லண்டனில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறான். தம்பியை ஏற்றின லொறி எங்கே போனதென்று இன்று வரைக்கும் ஒருத்தரும் சொல்லவில்லை.

பற்றிக் என் பேரை வாசித்தபோது காகிதத்தைப் பார்த்து வாசிக்கிறான் என்று குரலிலேயே விளங்கியது. அவ்வளவுதான். வாய் தானாய் இல்லை என்று சொல்லிவிட்டது. அதில் எனக்கு வெட்கமில்லை. பிறகு ஒரு மாதம் வாயைத் திறக்காமல் உன்னை மாட்டிவிட்டுக்கொண்டு இருந்தேனே, அதுதான் வெட்கம். அதுக்கு லொறியைச் சாட்டு சொல்ல ஏலாது.

உன் உறையைத் திறந்ததும் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாய் எண்ணினேன், மூன்றும் இருந்தன. உனக்குத் தப்ப வழி இருந்தும் நீ காட்டவில்லை. எங்களில் ஒருத்தியும் உனக்கு அப்படிச் செய்யவில்லை.

நேற்றுப் பூசை முடிய, தாள்களையும் ஒரு கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்: "போனில் முதல் பொய் சொன்னது நான். நாளைக்கு இந்தத் தாளை அந்த ஒபீசுக்குக் கொண்டு போகப் போறன். பேர் வேணாமெண்டிறவை வாங்க, உங்கட வரியை வெட்டித் தாறன். ஒருத்தரையும் குறை சொல்லமாட்டன்."

மறுகா ஒருத்தி வந்தா, அவவுக்குப் பின்னால் வரிசை நின்றது. ஒவ்வொரு வரியாய் வெட்டி அவரவர் கையில் கொடுத்தேன். சிலர் அதைச் சுருட்டிக் கைப்பையில் வைத்தார்கள், ஒருத்தி அதிலேயே கிழித்துப் போட்டா. கோயிலுக்கு வராமல் விட்டவைக்குப் போன் எடுத்துக் கேட்டேன். மீனாம்பிகை இரண்டு தரம் மேசை வரைக்கும் வந்து திரும்பிப் போனா. மூன்றாம் தரம் வந்து, "என்னத்தைச் செய்யிறது, வெட்டாத, கிடக்கட்டும்" என்றா. அவவுக்கு வழக்கு இருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கோ என்றேன். "கண் எரிஞ்சது எனக்குத்தானே" என்றா. கடைசியில் அறுபத்துநான்கு வரி போய், இருபத்துமூன்று மிஞ்சியது. தாள் முழுக்க ஓட்டை. செலோடேப் போட்டு வேறொரு தாளில் ஒட்டினேன்.

இன்றைக்குக் காலை பஸ் பிடித்து அந்த ஒபீசுக்குப் போனேன். அங்கேதான் எனக்குச் சங்கடம். எனக்குத் தெரிந்த பிரெஞ்செல்லாம் மதாம் வீட்டுப் பிரெஞ்சு. தும்புத்தடி, சவர்க்காரம், இன்றைக்கா நாளைக்கா, அவ்வளவுதான். பற்றிக் கதிரை தந்தான். நான் தாளை விரித்து முதல் வரியில் விரலை வைத்து, 'செ முவா' என்றேன். நான்தான் என்று அர்த்தம். அவனுக்கு விளங்கவில்லை. என் ஹெல்த் கார்ட்டை எடுத்து அந்தப் பேருக்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் கார்ட்டைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். 'ஆனால் நீங்கள் வெளியூரில் என்று போனில்...' என்று இழுத்தான். போனில் பயம் என்று பிரெஞ்சில் சொல்லத் தெரியும், அதைச் சொன்னேன். ஏன் பயம் என்று கேட்டான். அதைச் சொல்லுகிற பிரெஞ்சு என்னிடம் இல்லை.

பிறகு இங்கிலீசில் மெல்ல மெல்லச் சொன்னான். போன மனு போனதுதான், அதை எழுப்ப ஏலாது. மாசியில் சபை கூடினால் உறுப்பினரிடம் மறுபடியும் கேட்டுப் பார்க்கலாம், இந்தத் தரம் காகிதத்தில். அவ உடனே ஓம் என்று சொல்லுவா என்று சொல்ல ஏலாதாம். அதோடு ஒன்றில் இருந்து தொடங்க வேண்டும். எத்தனை பேர் போட்டாலும் சட்டம் திருத்துவது அவர்கள் கையில், எத்தனை வருசம் எடுக்கும் என்று தனக்குத் தெரியாது என்றான். அந்த மனுசனும் களைத்துப்போய்த்தான் இருக்கிறான்.

உன்னைப் பற்றிக் கேட்டேன். இந்த இருபத்துமூன்று பேரையும் நாளையிலிருந்து போனில் கூப்பிட்டு, ஓம் என்று அவர்கள் வாயால் கேட்டு எழுதிக்கொண்டால், நீ போலிக் கையொப்பம் போடவில்லை, சம்மதம் வாங்கித்தான் செய்தாய் என்று உறுப்பினரின் பேரில் கடிதம் தருவானாம். முகவரிகள் உண்டாக்கினது பிழை என்றும் அதில் இருக்கும். ஆனால் எல்லாரும் சொல்ல வேண்டும். நேரே வந்து காட்டினது காணாதா என்றேன். ஒழுங்கு முறை அப்படியாம், போனில் தொடங்கின விசாரணையைப் போனிலேயே முடிக்க வேண்டுமாம். முதல் எனக்கு, நாளைக்குப் பத்து மணிக்கு.

வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு பேருக்கும் சொன்னேன். சரி என்றார்கள். சரி என்பது இப்போது. போன் அடிக்கிற நேரம் எப்படியோ, எனக்கே என்னைப் பற்றித் தெரியவில்லை. அதனால் கடிதத்தை மூடாமல் வைக்கிறேன்.

செவ்வாய்

இவர் வேலைக்குப் போய்விட்டார். எட்டு மணியிலிருந்து போனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். பத்து மணிக்கு என்றவன் பத்தேகாலுக்குத்தான் எடுத்தான். அந்தக் கால் மணித்தியாலத்தில் இரண்டு தரம் எழும்பிக் கதவு வரைக்கும் போய் வந்தேன்.

பேரை வாசித்தான். இந்தத் தரமும் பிழையாய்த்தான் வாசித்தான். ஓம் என்றேன். மனுவுக்குச் சம்மதித்துப் பேர் கொடுத்தது நீங்களா என்றான். ஓம், நான்தான், என் கையால்தான் எழுதினேன் என்றேன். தமிழிலேயே சொல்லிவிட்டேன், பிறகு பிரெஞ்சில் சொன்னேன். மெர்சி மதாம் என்று நன்றி சொல்லி வைத்துவிட்டான். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை, தேவிகா. வைத்த கையோடு வந்து இதை எழுதுகிறேன்.

உன் அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் சொல்லாதே. கொஞ்சம் பொறு.

பட்டியலில் அடுத்த பேர் மீனாம்பிகை. அவவின் வீட்டில் இப்போது மணி அடித்துக்கொண்டிருக்கும்.

வசந்தினி அக்கா